மூணு விசில்

பாப்பா,

நீ தூங்கும்போது காட்டுப் பயணத்துக்கு நீ கட்டி வைத்த பையைப் பிரித்துப் பார்த்தேன். உடனே முறைக்காதே. பத்து வேலை செய்யும் அந்தக் கத்தி, ஒரு தகர டப்பாவைத் திறப்பதற்குள் கழன்றுவிட்டது. என் ஒர்க்‌ஷாப் கத்தியை வைத்திருக்கிறேன். அது உன்னிடம் இருந்தால் எனக்குத் தூக்கம் வரும். லைட்டரை நனைத்துப் பார்த்தேன், பற்றவில்லை. தீப்பெட்டியை இறுக்கமான டப்பாவில் போட்டிருக்கிறேன்.

விசில் மட்டும் கெட்டி. சமையலறையில் மூன்று தரம் ஊதிப் பார்த்தேன். "மூணு விசில் வந்தாச்சு" என்று அம்மா குக்கரை அணைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். சோறு அரைவேக்காடு. வேகவைத்துச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பு.

நேற்று போகவே கூடாது என்று குதித்தவன்தான் சொல்கிறேன், நல்லபடியாகப் போய் வா.

அப்பா

பி.கு.: வழி தவறினால் மூன்று தரம் ஊது. அம்மா அடுப்பை அணைக்க ஓடுவாள். நான் உன்னிடம் ஓடி வருவேன்.