கடைசிப் பக்கத்தில் எழுதிய வரி

12.8.2008, செவ்வாய்

சேலையூர் லெண்டிங் லைப்ரரியில் புத்தகத்தைத் திருப்பித் தரும்போது கடைசிப் பக்கத்தின் அடியில் ஒரு வரி எழுதிவைப்பது எல்லோருக்கும் பழக்கம். போன வாரம் ஒரு நாவல் வரிசையின் கடைசிப் புத்தகத்தில் நானும் எழுதினேன். 'அரசாங்கத்தையே எதிர்த்துச் சண்டை போட்ட பெண், முடிவில் பிள்ளை பெற்று வீட்டோடு உட்கார்ந்துவிட்டாள். வேஸ்ட்.' பெயர் போடவில்லை.

அடுத்து அதை எடுத்துப் படித்துத் திருப்பிக் கொடுத்தது மாடி வீட்டு நித்யாவாம். காலேஜ் போகிற பெண். காய்ந்த துணி எடுக்க வந்தவள் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, அது உங்க கையெழுத்துதானே? பால்காரருக்கு வைக்கிற சீட்டுல பாத்திருக்கேன்." சிரித்தாள். "ஏங்க்கா, வீட்ல அவ்ளோ போரடிக்குதா?"

"சேச்சே, நான் கதையைச் சொன்னேன்டி."

இடுப்பில் இருந்த என் பெண் அம்மு என் தாலிச் சரடைக் கடித்துக்கொண்டிருந்தாள். குழந்தையின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

நித்யாவிடம் சொல்லாதது ஒன்று உண்டு. அந்த முடிவை மூன்று முறை படித்தேன். குழந்தையைத் தூங்கவைத்துவிட்டுக் கதாநாயகி சத்தமில்லாமல் கதவைச் சாத்துகிற இடத்தில் அழுதேன். எனக்குப் பிடித்திருந்தது. எம்.எஸ்ஸி. படித்துவிட்டு இதற்கா அழுகிறோம் என்று வெட்கப்பட்டுத்தான் அப்படி எழுதினேன்.

அம்முவும் ஒருநாள் அங்கே அந்தப் புத்தகத்தை எடுப்பாள். நாளைக்கே போய் அந்த வரியை அடித்துவிடலாம். பேனாவில் எழுதியது, அடித்தாலும் தெரியும். தாளைக் கிழிக்கவும் முடியாது. அந்த வரிக்கு மேலேதான் அவள் கதவைச் சாத்துகிறாள்.