உப்புத் தண்ணி தாங்குமா

செவ்வாய்க்கிழமை

கும்மிடிப்பூண்டி கம்பெனிப் பசங்க என் கடைக்கு சூப்பர் ஹீரோ டாட்டூ போட வர்றது ஷோக்குக்கு. இன்னிக்கு வந்தவரு பழவேற்காட்டுல மீன் புடிக்கிறவரு, நாப்பது வயசுக்கு மேல. பொண்ணோட காமிக்ஸ் புக்கைக் காட்டி, அதுல பறக்குற ஹீரோவை முதுகுல போடச் சொன்னாரு. எனக்கு ஒரே குஷி. அங்கியோட ஒவ்வொரு மடிப்பையும் பார்த்துப் பார்த்துக் குத்துனேன்.

முடிஞ்சதும் கேட்டாரு, "உப்புத் தண்ணில எத்தினி நாளு தாங்கும் தம்பி?"

"ரெண்டு வாரம் கடலுக்குப் போவாதீங்கண்ணே, புண்ணு ஆறட்டும்."

"அத்தக் கேக்கலப்பா. போன வருசம் என் தம்பியும் இன்னொருத்தனும் கடல்ல பூட்டானுங்க. ஒரு பொணந்தான் ஒதுங்குச்சு. மூஞ்சே இல்ல. கையில நங்கூரம் பச்ச குத்தியிருந்துச்சு. எங்க குப்பத்துல எல்லார் கையிலயும் அதான். எரிச்சது யாரைன்னு இன்னும் தெரில. இந்தப் படம் யாருக்கும் இல்ல பாரு."

என் டிசைனுக்கு மயங்கி வந்தாருன்னு நெனச்சிக்கினு இருந்தேன்.

புக்கைத் திருப்பிக் கொடுத்தப்போ அந்த ஹீரோ இருந்த பக்கத்தோட மூலை மடிச்சிருந்துச்சு. "பொண்ணுதான் மடிச்சா, மூணாவது படிக்கிறா"ன்னு சிரிச்சாரு.

இந்தப் படம் எதுக்குன்னு அவளுக்குத் தெரியுமான்னு நான் கேக்கல.