மூன்றாம் பிரிவை எழுதியது யார்?

அண்ணா,

இன்று காலை கடையில் கருப்பட்டி வாங்கி வந்து பொதியைப் பிரித்தேன். சுற்றியிருந்த தாளில் உங்கள் பெயர் இருந்தது. ஏதோ பழைய வாரப் பத்திரிகையின் பக்கம். பிசுபிசுப்பு ஊறி எழுத்துகள் பழுப்பேறிக் கிடந்தன. 'வரவுக்கு மிஞ்சிய செலவைத் தடுக்க ஆதாரச் சட்டம்: நாஞ்சில் நாட்டு மெம்பரின் தீர்மானம்' என்ற தலைப்பையும் பெயரையும் மட்டும் வாசிக்க முடிந்தது. துடைத்துக் காயவைத்து எடுத்து வைக்கலாமா என்று ஒரு நிமிடம் நினைத்தேன். பிறகு அடுப்பில் போட்டுவிட்டேன். அந்தத் தீர்மானத்தைப் பற்றிப் பத்திரிகைக்குத் தெரிந்ததைவிட எனக்கு அதிகம் தெரியும். தெரியாமல் போனதும் எனக்குத்தான் அதிகம்.

நீங்கள் போய் மூன்று வருஷமாகிறது. நான் இன்னும் பூதப்பாண்டியில் அதே பெண்பள்ளிக்கூடத்தில்தான் இருக்கிறேன். இரண்டு டீச்சர் இருந்த இடத்தில் இப்போது நான் ஒருத்தி. சர்க்கார் சிக்கனத்தில் மற்றவளை நிறுத்திவிட்டார்கள்.

நீங்கள் சட்டசபைக்குப் போன நாளிலிருந்து உங்கள் தமிழ்ப் பேச்சுகளை எழுதித் தந்தது நான். நாகர்கோவிலிலிருந்து வருவீர்கள், நின்றபடியே இரண்டு வரியில் விஷயத்தைச் சொல்வீர்கள். "ஏட்டி, நீ எழுதினாத்தான் சனத்துக்கு மனசிலாகும்" என்பீர்கள். நான் எழுதியதை ஒருமுறைகூட முன்னால் வாசித்துப் பார்க்க மாட்டீர்கள். மேடையில் ஏறி மடிப்பைப் பிரித்து நேரே வாசிக்கத் தொடங்கிவிடுவீர்கள். அதைச் சோம்பல் என்று நான் நினைத்திருந்தேன். நம்பிக்கை என்று ஒன்று இருப்பது அப்போது தோன்றவில்லை.

நெல் விலை படுத்துக் கிடந்த வருஷம் அது. அறுத்த நெல்லை வாங்க ஆளில்லை. சர்க்காருக்கும் வரவு குறைந்து எல்லா இலாகாவிலும் வெட்டு. ஒரு சனிக்கிழமை மதியம் நீங்கள் வந்தீர்கள். வழக்கம்போல் வில்வண்டியில் அல்ல, ஒரு மோட்டார் காரில். காரைத் துடைத்துக்கொண்டு நின்ற டிரைவர் நம் பக்கத்து ஆளில்லை. மலைப் பக்கத்து ரப்பர்த் தோட்ட முதலாளியின் கார் என்று பார்த்தவுடன் தெரிந்தது. அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட கார் இந்த வட்டாரத்தில் வேறு யாரிடம் இருந்தது?

கையில் இரண்டு தாள், இங்கிலீஷில் டைப் அடித்தது. உங்கள் வக்கீல் ஆபீசில் டைப் மெஷின் கிடையாது. அதுவும் நான் கவனித்தேன்.

"திருவிதாங்கூருக்கு எல்லாச் சட்டத்துக்கும் மேலான புது ஆதாரச் சட்டம் வரப்போவுது. அதுல இத ஏத்தணும்னு தீர்மானம் கொண்டு வாறேன். இதத் தமிழ்ல எழுதித் தா. தேரடியில கூட்டம் போட்டு ஒப்பு வாங்கணும்" என்றீர்கள்.

மூன்று பிரிவுகள். எந்த வருஷத்திலும் சர்க்காரின் செலவு வரவை மிஞ்சக் கூடாது, அதற்காகக் கடன் வாங்கவும் கூடாது என்பது முதல் பிரிவு. இதைச் சாதாரண ஓட்டால் எந்தச் சபையும் மாற்ற முடியாது என்பது இரண்டாவது. தோட்ட வரியோ ஏற்றுமதி வரியோ கூட்டுவதானால் மெம்பர்களில் நாலில் மூன்று பங்கு சம்மதிக்க வேண்டும் என்பது மூன்றாவது.

"இது என்னத்துக்கு இந்த மூணாவது?" என்று கேட்டேன்.

"அது சும்மா ஒரு பாதுகாப்பு."

"யாருக்கு?"

நீங்கள் சிரித்தீர்கள். "உனக்கு எதுலயும் சந்தேகம். வீட்டுல நீ வரவுக்கு மேல செலவு பண்ணுதியா? சர்க்கார் மட்டும் பண்ணலாமா? அவனுவ கடன வாங்கிப் பங்களா கெட்டுவானுவ. நம்ம பேரப்பிள்ளைய வட்டி கெட்டணும்."

அதில் நியாயம் இருந்தது, அண்ணா. இன்றும் அதை இல்லை என்று சொல்ல மாட்டேன். மராமத்து இன்ஜினீயருக்குக் கட்டிய பங்களாவை இருவரும் பார்த்திருக்கிறோம். கடனில் முங்கிப்போன வீடுகளும் நமக்குத் தெரியும். ஆனாலும் கேட்டேன்: "பூட்டு எதுக்கு? இந்த வருஷம் கடன் வேண்டாம்னா இந்த வருஷச் சபை சொல்லட்டு."

"பின்னால வாறவன் மாத்தாம இருக்கதுக்கு."

"பின்னால வாறவனுக்கு வெள்ளம் வராதா? பெருமழையில கால்வாய்க் கரை உடைஞ்சா, வரியும் கூட்டக் கூடாது, கடனும் வாங்கக் கூடாது. பின்ன எதக் கொண்டு அடைப்பாவ?"

நீங்கள் கடிகாரத்தைப் பார்த்தீர்கள். "நீ எழுதித் தா" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிவிட்டீர்கள்.

எழுதினேன். முதல் பிரிவையும் இரண்டாம் பிரிவையும் உள்ளது உள்ளபடி எழுதினேன். மூன்றாம் பிரிவுக்கு வந்ததும் பேனா நின்றது. அது உங்கள் மூளையில் பிறந்ததல்ல என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். தோட்ட வரியைப் பற்றி நீங்கள் வாழ்நாளில் ஒரு வார்த்தை பேசியதில்லை. அந்தப் பிரிவின் அடியில் இங்கிலீஷ் தாளில் இல்லாத ஒரு வாக்கியத்தை நான் சேர்த்தேன்: 'தோட்டக்காரருக்கு வரி கூட்ட நாலில் மூன்று பங்கு சம்மதம் வேண்டும், நம் கால்வாய் வேலையை நிறுத்த யாருடைய சம்மதமும் வேண்டாம்.' மை காய்ந்ததும் மடித்து உறைக்குள் போட்டு அனுப்பிவிட்டேன்.

தேரடியில் நல்ல கூட்டம். நான் மற்ற டீச்சரோடு ஓரத்தில் நின்றேன். நீங்கள் கறுப்புக் கோட்டில் மேசைக்குப் பின்னால் நின்று வாசித்தீர்கள். முதல் பிரிவுக்குக் கை தட்டினார்கள். இரண்டாவதற்கும் தட்டினார்கள். மூன்றாவதை வாசித்து, நான் சேர்த்த வாக்கியத்தையும் அதே கணீர்க் குரலில் வாசித்து, 'சம்மதமும் வேண்டாம்' என்ற இடத்தில் நின்றுவிட்டீர்கள். தலை நிமிர்ந்து கூட்டத்தில் என்னைத் தேடினீர்கள்.

அதற்குள் நல்லபெருமாள் எழுந்துவிட்டார். கடைமடையில் பயிர் வைக்கிற கிழவர். தண்ணீர் கடைசியாக வந்து சேர்வது அவர் வயலுக்குத்தான். "வக்கீலே, நீரு என்ன வாசிச்சீரு? இன்னொருக்கா வாசியும்" என்றார்.

நீங்கள் தாளை மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்தீர்கள்.

"அப்போ கரை உடைஞ்சா நாங்க எங்க போய் நிக்கணும்? தோட்டத்துக்காரன் வாசல்லயா?"

கூட்டம் இரைந்தது. அன்று கையெழுத்துப் போட்டவர்கள் பத்துப் பேர்கூட இல்லை.

அன்று மாலையே நீங்கள் என் வீட்டுக்கு வந்தீர்கள். உட்காரவில்லை. "உன்ன நம்பித்தானே நான் வாசிக்காம வந்தேன்? கூட்டத்துக்கு முன்னால என்னைப் பைத்தியக்காரனாக்கிட்டியே!"

"நீங்க யார நம்பி அந்தத் தாள வாங்கினியள்?"

"நான் வக்கீல். நாலு பேரு நாலு யோசனை கொண்டு வருவான். நல்லதா இருந்தா எடுப்பேன்."

"கடன் கூடாதுன்னு நீங்க பேசலாமா அண்ணேன்? அப்பா வயல ஒற்றி வச்சுக் கடன் வாங்கித்தானே உங்கள வக்கீலாக்கினாவ?"

சொல்லி முடித்தபின்தான் எந்த வயல் என்று இருவருக்கும் நினைவு வந்தது. என் கல்யாணத்துக்கென்று அப்பா ஒதுக்கி வைத்திருந்த வயல். ஒற்றி மீளவே இல்லை. பேசி வைத்திருந்த மாப்பிள்ளை வீட்டார் வயல் போனதைக் கேள்விப்பட்டு விலகிக்கொண்டார்கள். அதற்காக உங்களிடம் நான் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. கடனால் கெட்டதற்கும் என் வாழ்க்கைதான் சாட்சி, கடனால் நல்லது நடந்ததற்கும் உங்கள் வாழ்க்கைதான் சாட்சி என்று விளக்கியிருக்கலாம். அதற்குள் நீங்கள் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டீர்கள். அதன்பிறகு நமக்குள் பேச்சில்லை. மதினி மட்டும் ஞாயிற்றுக்கிழமை கோயிலில் என்னைப் பார்த்தால் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போவாள்.

ஐப்பசி மழை அந்த வருஷம் பேய்போல அடித்தது. ஊருக்கு மேற்கே கால்வாய்க் கரை இருபது முழத்துக்கு உடைந்தது. கும்பப்பூ சாகுபடிக்கு நாற்று நட்டுப் பத்து நாள். ஒரு பக்கம் வயல் மூழ்கிக் கிடக்க, கீழ்ப்பக்கம் தண்ணீரில்லாமல் வெடிக்கப் போகிற நிலை. மராமத்து ஓவர்சீயர் வந்து பார்த்தார். இந்த வருஷத்துக்கு ஒதுக்கிய தொகை தீர்ந்தது, அடுத்த வருஷம்தான் என்று எழுதிக்கொண்டு போனார். உங்கள் தீர்மானம் இன்னும் சட்டமாகவில்லை, அதற்குள்ளேயே இப்படி.

பள்ளிக்கூடத்தைச் சாத்திவிட்டு நானும் கரைக்குப் போனேன். ஊரார் தென்னந்தடியும் மணல் சாக்கும் போட்டு அடைத்துக்கொண்டிருந்தார்கள். நீங்கள் அங்கே நின்றீர்கள், முழங்கால் வரை சேறு. என்னைப் பார்த்தும் பார்க்காததுபோல் திரும்பிக்கொண்டீர்கள். நீங்கள் வேலையாக வந்தீர்களா, ஓட்டுக்காக முகம் காட்ட வந்தீர்களா என்றுதான் அப்போதும் எனக்குத் தோன்றியது. ரோட்டில் அதே கார் நின்றது. டிரைவர் என்னிடம் பேச்சுக் கொடுத்தார்.

"அய்யா இப்படி சேத்துல எறங்கணுமா டீச்சர்? தீர்மானம் பாசாச்சுன்னா சர்க்கார் வக்கீல் வேலைல்லா? எங்க முதலாளி எல்லாம் பேசி வச்சிருக்காரு."

வெள்ளந்தியாகத்தான் சொன்னார். எனக்கு உள்ளே ஏதோ கொண்டாடியது, அண்ணா. என் சந்தேகம் சரி என்று தெரிந்ததில் எனக்குச் சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

அடுத்த மாதம் திருவனந்தபுரத்தில் சபை கூடியது. நடந்ததை உங்கள் குமஸ்தா வந்து சொன்னார். நீங்கள் தீர்மானத்தைக் கொண்டுவந்தீர்கள். ஆனால் மூன்றாம் பிரிவு அதில் இல்லை. முதல் பிரிவின் கடைசியில், 'நீர்ப்பாசனம், பஞ்சம், தொற்றுநோய் ஆகியவற்றுக்கான செலவு நீங்கலாக' என்று சேர்த்திருந்தீர்கள். ஆதரிப்பதாகச் சொல்லியிருந்த மெம்பர்கள் வாயைத் திறக்கவில்லை. சிக்கனக்காரர்களுக்கு அது போதவில்லை, மற்றவர்களுக்கு அதுவே அதிகம். தீர்மானம் விழுந்தது. போகும்போது காரில் போனவர் திரும்பும்போது பஸ்ஸில் வந்தீர்களாம். சர்க்கார் வக்கீல் வேலை வேறொருவருக்குப் போயிற்று.

இரண்டு மாதம் கழித்து உங்களுக்குக் காய்ச்சல் என்று மதினி ஆளனுப்பினாள். டைபாய்டு. நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் ஜன்னல் பக்கத்துக் கட்டில். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. நான் கஞ்சி ஊட்டினேன். பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் பற்றிக் கேட்டீர்கள், என் சம்பளத்தை வெட்டிவிட்டார்களா என்று கேட்டீர்கள். நல்லபடியாகவே போய்க்கொண்டிருந்தது. நானே கெடுத்தேன்.

"மூணாவத ஏன் விட்டியள்?"

கண்ணை மூடிக்கொண்டீர்கள். தூங்கிவிட்டீர்கள் என்று நினைத்தேன்.

"நான் மனசு மாறி விட்டேன்னு சொன்னா நம்புவியா?"

நான் கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தேன்.

"ஓட்டுக்குப் பயந்து விட்டேன்னு சொன்னா?"

 என் முகத்தில் ஏதோ தெரிந்திருக்க வேண்டும். "அத நம்புவ" என்று சொல்லி, மெலிதாகச் சிரித்து, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தீர்கள். அதன்பிறகு நினைவோடு நீங்கள் என்னிடம் பேசவில்லை. எட்டாம் நாள் போய்விட்டீர்கள்.

போன மாதம் புதிதாக வந்திருக்கும் மெம்பர் என்னைத் தேடி வந்தார். வியாபாரி, நல்ல மனிதர் என்றுதான் ஊரில் பேச்சு. "ஒங்க அண்ணாச்சி பாதியில விட்ட காரியத்த முடிக்கப் போறோம் டீச்சர். நீங்களே தமிழ்ல எழுதித் தரணும்" என்றார். டைப் அடித்த தாள், நீங்கள் விட்ட வரிப் பிரிவையும் சேர்த்துப் பிரிவு ஐந்தாகியிருந்தது. இது யார் எழுதியது என்று கேட்டேன். "எல்லாரும் சேர்ந்துதான்" என்றார். எல்லாரும் யார் என்று கேட்டேன். வெற்றிலைப் பெட்டியைத் திறந்து மூடினார்.

எழுதிக் கொடுத்தேன். இந்த முறை என் சொல் ஒன்றைக்கூடச் சேர்க்கவில்லை. அவர் தாளிலிருந்த ஒன்றையும் மறைக்கவும் இல்லை. வாங்கி மடிக்கப் போனவரிடம், "இங்கயே உக்காந்து ஒருக்கா உரக்க வாசியுங்க" என்றேன். வாசித்தார். வரியைப் பற்றிய பிரிவையும் கடனைப் பற்றிய பிரிவையும் ஒரே மூச்சில், எங்கும் தடங்கலில்லாமல் வாசித்து முடித்து, "பிரமாதம்" என்றார்.

அவர் போன பிறகு வெகுநேரம் அந்த நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் அன்று தேரடியில் பாதியில் நின்றது கோபத்தில் என்றே இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். வாசித்தது காதில் விழுந்ததால்கூட ஒரு மனிதன் நின்றுபோகலாம் என்று அவரைப் பார்த்த பிறகுதான் தோன்றியது. தோன்றிய உடனே அதையும் சந்தேகித்தேன்: செத்துப்போன அண்ணனுக்காக நானே கட்டிக்கொள்ளும் சமாதானமோ என்று.

சர்க்கார் கணக்கையும் வீட்டுக் கணக்கையும் ஒன்றாக்கிப் பேசுகிறவர் யாராக இருந்தாலும், 'இந்தத் தாளை உங்களிடம் தந்தது யார்?' என்று அவரிடம் கேட்கும் பழக்கம் என்னிடம் தங்கிவிட்டது. அது நல்ல பழக்கம், விடப்போவதில்லை. கட்டிலருகே நீங்கள் கேட்ட முதல் கேள்விக்கு 'நம்புவேன்' என்று சொல்லியிருக்கலாம். பொய்யாகவாவது சொல்லியிருக்கலாம். அந்த ஒரு வார்த்தை சொல்லாமலே மிஞ்சிவிட்டது, அண்ணா. பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளை வீட்டுக்கணக்கைத் தானே போட்டதாகச் சொல்லி நோட்டை நீட்டும்போதெல்லாம் அது நினைவுக்கு வருகிறது. கையெழுத்தைப் பார்த்தால் தகப்பன் கையெழுத்து மாதிரி இருக்கும். இருந்தாலும் "சரி மக்கா, நம்புதேன்" என்று சொல்லித்தான் நோட்டை வாங்குகிறேன்.

உங்கள் தங்கை