ஈரத்துக்கு இரண்டு கிலோ

1983 ஜனவரி 18
சத்துணவு வந்து ஆறு மாதமாகிறது. இது பள்ளிக்கூடமா, சாப்பாட்டுக் கடையா? பதினொரு மணிக்கே ஐம்பத்திரண்டு மூக்கும் அடுப்படிப் பக்கம் திரும்பிவிடுகிறது. வாய்ப்பாட்டை நான் சுவருக்குத்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். சோறு போட்டால் படிப்பு வந்துவிடும் என்று எந்த மகராசனுக்குத் தோன்றியதோ. இதில், ருசி பார்த்து நன்றாயிருக்கிறது என்று தலைமையாசிரியை தினமும் நோட்டில் கையெழுத்துப் போட வேண்டுமாம். போடுகிறேன். அந்தச் சோற்றை வாயில் வைக்க என் தலையில் எழுதவில்லை.

ஜனவரி 20
திட்டத்தால் பலன் உண்டா என்று பார்க்க, பிள்ளைகளை இப்போதும் ஜூலையிலும் எடை போட்டு அனுப்பச் சொல்லி ஊட்டி ஆபீஸ் உத்தரவு. பள்ளியில் தராசு ஏது? எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து நிறுக்கும் தராசில் சாக்கைக் கட்டி உட்கார வைத்தோம். கணக்கப்பிள்ளை லிங்கசாமி எடையைக் கூவ, நான் எழுதினேன். நல்ல வெயில்.

ஜூலை 14
சேரம்பாடியில் ஒரு வாரமாக மழை விடவில்லை. அதிலேயே இரண்டாம் எடை. குடையைப் பிடித்துக்கொண்டு தள்ளி நின்று, லிங்கசாமி கூவியதை எழுதினேன். எழுத எழுத — சிரிப்பு. ஒன்று பாக்கியில்லாமல் எல்லாப் பிள்ளையும் இளைத்திருக்கிறது. வீரம்மா பதினாறு கிலோ இருந்தவள், இன்று பதினைந்து. ஒரு வருடம் வடித்துக் கொட்டிய லட்சணம் இது. நான் சொன்னேனா இல்லையா?

ஜூலை 16
அறிக்கை அனுப்பியாயிற்று. ‘சத்துணவால் பயனில்லை. மூடலாம்.’

ஆகஸ்ட் 12
மாதக் கடைசியோடு மூட உத்தரவு வந்துவிட்டது. சமைக்கிற மூக்கம்மாவிடம் காரணத்தைச் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். அவள் அண்டாவைத் தேய்த்துக்கொண்டே, “மழை நாள்ல ஈரத்துக்குன்னு நாங்க பறிக்கிற கொழுந்துல ரெண்டு கிலோ கழிப்பாங்க. புள்ளைகளையும் கழிச்சிட்டாங்க போல, டீச்சர்” என்றாள். வாய்க்கொழுப்பு.

ஆகஸ்ட் 13
வாய்க்கொழுப்பு இல்லை. மனது கேட்காமல் காலையில் லிங்கசாமியிடம் போய், பிள்ளைகளை எடை போட்டபோது ஏதாவது கழித்தீர்களா என்று கேட்டேன். மனுஷன் கொஞ்சமும் கூசவில்லை.
“ஏனுங்க டீச்சர், மழை நாளாச்சுங்களே. ஆளுக்கு ரெண்டு கிலோ கழிச்சுத்தான் சொன்னேனுங்க. இருபது வருசப் பழக்கம், வாய்ல தானா வருதுங்க.”
அப்படியானால் வீரம்மா பதினேழு. இளைக்கவில்லை, ஏறியிருக்கிறாள்.
அந்த ஆளைச் சொல்லி என்ன? ஐம்பத்திரண்டு பிள்ளையும் ஒண்ணுபோல இளைக்குமான்னு ஒரு தடவை, ஒரே ஒரு தடவை யோசிச்சேனா? எனக்குப் பிடிச்ச கணக்கு வந்ததும் ஓடி ஓடி எழுதினேன். பெரிய டீச்சராம். தூ.

ஆகஸ்ட் 14
‘என் அறிக்கை தவறு’ என்று எழுத நாலு தாள் கிழிந்தது. ஐந்தாவது தபாலில் போயிற்று.

ஆகஸ்ட் 27
ஊட்டியிலிருந்து அதிகாரி வந்தார். மறுபடி எடை. “நீங்கதானே மூடச் சொன்னீங்க?” என்று பிள்ளைகள் முன்னாலேயே கேட்டார். “ஆமாங்க, நான்தான்.” முகம் எரிந்தது. இந்தத் தடவை தராசு முள்ளுக்குப் பக்கத்தில் நானே நின்று படித்தேன். வீரம்மா பதினேழரை. லிங்கசாமி சாக்கைக் கட்டிவிட்டதோடு சரி.

செப்டம்பர் 1
அடுப்பு எரிகிறது. பதினொரு மணிக்கு வாய்ப்பாடு இன்றும் நடக்கவில்லை. சோறு போட்டால் படிப்பு வருமா? இன்னும் கேட்கத்தான் செய்கிறேன்.
மூக்கம்மா ருசி நோட்டை நீட்டினாள். கையெழுத்துப் போடாமல் தட்டு கேட்டேன். அவள் வைத்தாள். சாப்பிட்டேன். உப்பு குறைச்சல் என்றேன்.
“ஒரு வருசமா நல்லா இருக்குன்னு எழுதினீங்களே, டீச்சர்” என்றாள்.