எந்த டீமுக்கு ஆடுவேன் என்று ஊருக்குத் தெரியும்

ஜூன் 3, 1974. திங்கள்

கச்சான் காற்று. கண்ணெல்லாம் மணல். ஜெர்சி காய்வதற்குள் உப்புப் படிந்து விறைத்துவிட்டது.

கல்லூரி முடிந்து ஒரு மாதம்தான். அதற்குள் நான் எந்தக் கூடைப்பந்து டீமில் சேருவேன் என்று ஊருக்கே தெரிகிறது. எனக்குத்தான் தெரியாது. மீன் வாங்கப் போகும் வழியில், டீக்கடையில்:

"அந்த உசரப் புள்ள நம்ம மில்லுக்குத்தான் ஆடப்போவுதாம்."

"சும்மா இரும்வே. மெட்ராஸ் பேங்க்காரன் கொத்திட்டுப் போயிருவான்."

நின்று முறைத்தேன். இருவரும் கிளாசுக்குள் முகத்தை ஒளித்துக்கொண்டார்கள்.

சாளை மலிவு. வீட்டுக்கு வந்தால் மில் மேனேஜர். அப்பாவிடம் மட்டும் பேசினார். டைப்பிஸ்ட் வேலை, சாயங்காலம் ஆட்டம். அதுவும் கல்யாணம் ஆகும்வரை. அப்பா தலையாட்டிவிட்டார். தோணியை ஓட்டும் தண்டல், கடலில் அத்தனை பேரை அதட்டுகிற மனுஷன். மேனேஜர் முன்னால் ஏன் இந்தக் குழைவு? எரிச்சல்.

ஜூன் 5. புதன்

மெட்ராஸ் பேங்க் ஆபீசர் மைதானத்துக்கே வந்து ஆட்டம் பார்த்தார். பிரமாதமாக ஆடினேன். (என் டைரி. சொல்லிக்கொள்ளலாம்.)

"உங்களை எடுத்துக்கிறோம்மா."

"மரகதத்தையும்தானே சார்?"

மரகதம் காலேஜ் டீமில் எனக்குப் பந்து கொடுக்கிறவள். ஏரல் பக்கம், வயல்காட்டு ஊர். வேலை கிடைக்காவிட்டால் ஆவணியில் மாமன் மகனோடு கல்யாணம். ஆட்டம் அதோடு சரி.

"ஒரு இடம்தான் இருக்கு. அந்தப் பொண்ணு ஒரு கூடைகூடப் போடலையே."

"நான் போட்டதெல்லாம் அவ குடுத்த பந்து சார். வந்தா ரெண்டு பேரும் வாரோம்."

சிரித்துக்கொண்டே காரில் ஏறிவிட்டார்.

பஸ் ஸ்டாண்டு வரை மரகதத்திடம் திட்டு. "ஏளா கிறுக்கி, நான் உங்கிட்ட கேட்டேனா? பிச்சை போடுதியா எனக்கு?"

"பிச்சை இல்ல. நீ இல்லாம ஆடுனா நான் தோத்துருவேன்."

திரும்பிப் பார்க்காமல் பஸ் ஏறினாள். தலைவலி.

ஜூன் 7. வெள்ளி

மில்லில் கையெழுத்துப் போட இன்று கடைசி நாள். போகவில்லை. கல்யாணம் வரைக்கும்தான் ஆட்டம் என்றால் எனக்கு வேண்டாம்.

அண்ணன்: "பொட்டப்புள்ளைக்கு இவ்வளவு திமிரா?"

அப்பா: "நான் வாக்குக் குடுத்துட்டேன்ளா."

"வாக்குக் குடுத்தது நீங்க. ஆடப்போறது நான்ப்பா."

அடுப்படியில் அம்மாவின் அகப்பைச் சத்தம் நின்றது. அப்பா எழுந்தார். அடிக்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன். சட்டையை மாட்டினார்.

"மில்லுக்கு நானே போயி வேண்டாம்னு சொல்லிட்டு வாரேன். நீ போனா சண்டை இழுப்ப."

இத்தனை நேரம் வராத அழுகை அப்போதுதான் வந்தது.

ஜூன் 10. திங்கள்

காற்று அடங்கவில்லை. காலையிலேயே ஏரலுக்குப் போய் மரகதத்தை இழுத்து வந்தேன். வழியெல்லாம் பேச்சில்லை. ஆனால் வந்தாள்.

கோயம்புத்தூர் மில் ஒன்றிலிருந்து ஆள் எடுக்க கோச் வந்திருந்தார். பெண்! போன வருடம் எல்லாரிடமும் தோற்ற டீம் அவர்களுடையது. அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறான். சிரிக்கட்டும்.

ஆட்டம் முடிந்ததும் அந்தம்மா கேட்ட முதல் கேள்வி:

"பந்து குடுத்த புள்ள யாருங்க?"

மரகதம் என் முதுகுக்குப் பின்னால். தள்ளி முன்னால் விட்டேன்.

"எனக்கு ரெண்டு பேரும் வேணுங்க. எங்க டீம் தோக்குற டீம். தெரியுமில்ல?"

"நாங்க வார வரைக்குந்தான்" என்றேன்.

இருவரும் கையெழுத்துப் போட்டோம். பேனாவை மூடிக்கொண்டே மரகதம் வாயைத் திறந்தாள்:

"இப்பவே சொல்லிட்டேன். இனிமே எல்லாப் பந்தையும் உனக்கே தரமாட்டேன். நானும் போடுவேன்."

"போடேன், பாப்போம்."