ஒரு வாரத்தை ரத்து செய்ய உன் கையெழுத்து

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே நாங்கள் இருவரும் நலம், அதாவது உன் அம்மாவுக்கு முழங்காலும் எனக்கு மானமும் லேசாக வலிக்கின்றன, மற்றபடி சாப்பாடு தூக்கம் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. நீ அங்கே வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்புகிறோம், நம்பாவிட்டாலும் இங்கிருந்து என்ன செய்துவிட முடியும். போனில் பேசுகிற அப்பா எதற்குக் கூரியரில் கடிதம் போடுகிறார் என்று உறையைப் பார்த்ததும் பதறியிருப்பாய், யாருக்கும் ஒன்றுமில்லை, உட்கார்ந்து நிதானமாகப் படி. உறைக்குள் இன்னொரு தாளும் மடித்து வைத்திருக்கிறேன். அதில் என் கையெழுத்துக்குக் கீழே உன் கையெழுத்தைப் போட்டு, வருகிற வெள்ளிக்கிழமைக்குள் அதில் எழுதியிருக்கிற முகவரிக்கு அங்கிருந்தே பதிவுத் தபாலில் அனுப்பிவிட வேண்டும். ஏன் என்று சொல்கிறேன், சிரிக்காமல் கேள், நம் குடும்பத்துக்கான சிரிப்பு முழுவதையும் உன் அம்மா ஏற்கெனவே சிரித்துத் தீர்த்துவிட்டாள்.

போன ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின ஞாயிறு உன் போனுக்கு ஒரு லிங்க் வந்ததே, நீ கூட என்னப்பா இது என்று கேட்டாய், நான் ஒண்ணுமில்ல கண்ணு, அழுத்து, அப்புறம் சொல்றேன் என்றேன், நீயும் வேலை அவசரத்தில் அழுத்திவிட்டாய். அப்பா சொன்னால் படிக்காமல் அழுத்துகிற பிள்ளையை வளர்த்திருக்கிறேன் என்று பெருமைப்படுவதா, இல்லை இப்படிப்பட்ட அப்பாவிடம் வளர்ந்தாயே என்று வருத்தப்படுவதா தெரியவில்லை. அந்த ஒரு அழுத்தலில் நீ என்னோடு சேர்ந்து ஏரிக்கரை விடுதி ஒன்றில் வருஷத்துக்கு ஒரு வாரம், முப்பது வருஷத்துக்குப் பங்குதாரர் ஆகிவிட்டாய். இதற்கு டைம்ஷேர் என்று பெயர், ஒரே அறையை ஐம்பது குடும்பத்துக்கு வாரம் வாரமாக நறுக்கி விற்கிற வித்தை. வாரம் நமக்கு, சுவர் அவர்களுக்கு. பராமரிப்புக் கட்டணம் என்று வருஷா வருஷம் ஒன்று உண்டு, போனாலும் கட்ட வேண்டும், போகாவிட்டாலும் கட்ட வேண்டும், அவர்கள் இஷ்டத்துக்கு ஏறிக்கொண்டே போகும், எனக்குப் பிறகு உன்னிடம்தான் வந்து கேட்பார்கள். மற்ற அப்பாக்கள் பிள்ளைக்கு வீடோ நிலமோ வைத்துவிட்டுப் போவார்கள், நான் உனக்கு ஒரு பில்லை வைத்துவிட்டுப் போக இருந்தேன். புதன்கிழமை போனில் பேசும்போதே சொல்லத்தான் வந்தேன், நீ எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தாய், அதைக் கெடுக்க மனசு வரவில்லை.

எப்படி மாட்டினேன் என்று கேட்பாய். கடைவீதியில் குலுக்கல் பெட்டி ஒன்று வைத்திருந்தார்கள், சீட்டு எழுதிப் போட்டேன், தம்பதிக்கு இலவச விருந்து விழுந்தது. எல்லாருக்கும் விழுந்ததாம், அது அங்கே போன பிறகுதான் தெரிந்தது. பெரிய ஹால், வட்ட மேசைகள், ஒவ்வொரு மேசைக்கும் ஒரு கழுத்துப்பட்டை கட்டின பையன், யாராவது கையெழுத்துப் போட்டுவிட்டால் மொத்த ஹாலும் எழுந்து கை தட்டுகிறது. நான் யார், முப்பது வருஷமாக மெத்தைக் கடையில் நின்று விற்கிறவன். வாங்க வந்தவரை சும்மா படுத்துப் பாருங்க சார் என்று படுக்க வைத்து, மேலே ஒரு போர்வையையும் போத்திவிட்டு, விளக்கைக் கொஞ்சம் குறைத்துவிட்டு நகர்ந்துவிடுவேன், அதற்கப்புறம் வேண்டாம் என்று சொல்லி எழுந்தவர்கள் மிகக் குறைவு. அந்தப் பையன் செய்கிற ஒவ்வொன்றும் எனக்கு அத்துப்படி. ஜூஸை அண்டா மாதிரி டம்ளரில் கொண்டு வந்தான், குடித்து முடிக்கும்வரை நாம் எழுந்திருக்க முடியாதே, அதற்காக. விலையை எழுதி, எழுதினதை அடித்து, மேனேஜரைக் கேட்டுவிட்டு வருகிறேன் என்று கதவுக்குப் பின்னால் போய் சும்மா நின்றுவிட்டு வந்தான். நான் மேசைக்கடியில் உன் அம்மாவை இடித்து இடித்து இது இந்த உத்தி, இது அந்த உத்தி என்று பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். எல்லாம்தான் தெரியுதே, கிளம்பலாமேங்க என்றாள் அவள், ஒரு தடவை இல்லை, பல தடவை. தொழில் தெரிந்தவன் வேலை செய்வதைப் பாதியில் விட்டுவிட்டு எப்படி எழுந்து வருவது, நீயே சொல். அப்போது அவன் பேனாவை மூடி வைத்துவிட்டு, சார், நீங்க மூணு பேரும் ஒரே கூரைக்குக் கீழ கடைசியா எப்ப தூங்கினீங்க என்று கேட்டான். அதுவும் ஒரு உத்திதான், நல்ல உத்தி, எனக்கு அது தோன்றாமல் போனதே என்றுகூட ஒரு நொடி நினைத்தேன். ஆனால் ஊருக்கெல்லாம் தூக்கம் விற்கிறவன் அந்த ஒரு ராத்திரியை விரல் விட்டு எண்ணித் தேடிக்கொண்டிருந்தேன். உன் அம்மா ஜூஸ் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கையெழுத்துப் போட்டு, உனக்கும் லிங்க் வந்து நீ அழுத்தின கொஞ்ச நேரத்தில் கை தட்டுகிற சத்தம் கேட்டது, எனக்குத்தான் தட்டுகிறார்கள் என்று புரியவே நேரமானது.

வீட்டுக்கு வந்து ஒப்பந்தத்தைப் புரட்டினால் கடைசிப் பக்கத்தில் எறும்பு எழுத்தில் ஒரு நல்ல செய்தி இருந்தது. இரண்டு வாரத்துக்குள் எழுத்து மூலம் ரத்து செய்யலாம், காரணம் சொல்லத் தேவையில்லை, கட்டின முன்பணம் திரும்பி வரும். உடனே உட்கார்ந்து எழுதினேன். மூன்று பக்கம். தங்கள் நிறுவனத்தார் அனைவரும் நலமா என்று ஆரம்பித்து, விருந்தைப் பாராட்டி, அந்தப் பையனின் திறமையை ஒரு பக்கத்துக்கு வியந்து, அவனுக்குக் கமிஷன் போய்விடக் கூடாதே என்று கவலைப்பட்டு, கடைசியில் தங்களுக்குச் சிரமமில்லை என்றால் இதைச் சற்று மறுபரிசீலனை செய்ய முடியுமா என்று முடித்தேன். நான்கு நாளில் பதில் வந்துவிட்டது. உங்கள் பாராட்டுக் கடிதத்தைக் காலைக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் வாசித்தோம், வரவேற்பறைச் சுவரில் ஒட்டியிருக்கிறோம், நீங்கள் மறுபரிசீலனை கேட்டபடி இரண்டு படுக்கையறை உள்ள வீட்டுக்கு மாற்றிக்கொள்ள வசதி செய்து தருகிறோம் என்று எழுதியிருந்தார்கள். உன் அம்மா சிரிக்கத் தொடங்கியது அப்போதுதான். பிறகு என் கடிதத்தின் நகலை வாங்கி மேலிருந்து கீழே ஒரு முறை படித்துவிட்டு, இதுல வேண்டாம்ங்கிற வார்த்தை எங்கேங்க இருக்கு என்று கேட்டாள். தேடினோம். இல்லை. அவள் ரத்தப் பரிசோதனைக்கூடத்து வேலையில் நாளெல்லாம் இருக்கிறது, இல்லை என்று மட்டும் எழுதிப் பழகினவள், என் கஷ்டம் அவளுக்குப் புரியாது. கையெழுத்துப் போட்ட எல்லாரும் ரத்துக் கடிதத்திலும் கையெழுத்துப் போட வேண்டும் என்கிற விதியையும் அவள்தான் கண்டுபிடித்தாள், நீ லிங்க்கை அழுத்தினதும் கையெழுத்துக் கணக்குதானாம், அதனால் என் மூன்று பக்கம் எப்படியும் செல்லாது.

யோசித்துப் பார்த்தால் இது எனக்குத் தெரியாத விஷயமே இல்லை, பாப்பா. கடைக்கு வருகிற புகார்க் கடிதங்களை நான்தான் பிரிக்கிறேன். பக்கம் பக்கமாக முதுகுவலியை வர்ணித்து எழுதுகிறவருக்குப் பணம் வேண்டியதில்லை, நாம் வருத்தப்பட்டால் போதும், போன் போட்டு ஐயோ பாவம் சார் என்று சொல்லி இரண்டு தலையணை இலவசமாக அனுப்பினால் சரியாகிவிடுவார். எங்களைப் பயமுறுத்துவது நாலு வரிக் கடிதம்தான். எண், தேதி, வேண்டாம், பணத்தைத் திருப்பு. அதற்கு என்ன சமாதானம் சொல்வது, எந்த இடத்தில் பிடித்துப் பேசுவது. உள்ளே வைத்திருக்கும் தாள் அப்படிப்பட்டது. ஒப்பந்த எண், அதில் கையெழுத்தான தேதி, அதில் எப்படி இருக்கிறதோ அப்படியே நம் இருவர் பெயர், இந்த ஒப்பந்தத்தை ரத்து செய்கிறோம், முன்பணத்தைத் திருப்பித் தரவும், அவ்வளவுதான். தயவுசெய்து என்பதை நான் நிறைய இடத்தில் போட்டிருந்தேன், உன் அம்மா ஒன்றை மட்டும் விட்டுவைத்தாள். நீ உன் அன்பையோ விளக்கத்தையோ சேர்த்துவிடாதே, நீயும் என் மகள்தானே, கை சும்மா இருக்காது. இப்போது போடுகிற வளைந்த கோடு வேண்டாம், முழுப்பெயர் தெரிகிற மாதிரி கையெழுத்துப் போடு, தேதி எழுது, போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள். தபால் முத்திரையின் தேதிதான் கணக்காம், அவர்கள் கைக்கு எப்போது போய்ச் சேர்ந்தாலும் கவலையில்லை, ரசீதைப் பத்திரப்படுத்து, போய்ச் சேர்ந்ததற்கு அத்தாட்சி அட்டையும் கேட்டு வாங்கு. அதற்குப் பிறகு அவர்கள் உனக்குப் போன் செய்வார்கள். குரல் தேனாக இருக்கும். ஒரு வருஷத்துக்கு நிறுத்தி வைக்கலாம் என்பார்கள், பாதி விலைக்குத் தருகிறோம் என்பார்கள், அதெல்லாம் தலையணை. எதுவானாலும் எழுத்தில் அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டு வைத்துவிடு. மேல்மாடிக் கணக்காளர் தெரியுமல்லவா, வருஷா வருஷம் விடுதிக்குப் போய்வந்து நீச்சல் குளத்தோடு படம் காட்டுவாரே, நேற்று லிஃப்டில் நான் இந்தக் கதையைச் சொன்னதும் கதவு மூடும்வரை பொறுத்திருந்து, அந்த லெட்டரின் காப்பி ஒன்று கிடைக்குமா என்று காதோரம் கேட்டார். அவருக்குக் காலம் கடந்துவிட்டது, பாவம், இன்னும் நிறைய வருஷம் நீந்த வேண்டும்.

அந்தத் தாளில் காரணம் எழுதவில்லை, ஆனால் ஏன் கையெழுத்துப் போட்டேன் என்பதை உனக்குச் சொல்ல வேண்டும். தேதி குறித்துப் பணமும் கட்டிவிட்டால் உன்னால் லீவு இல்லை என்று சொல்ல முடியாது என்று நினைத்தேன். பெற்ற மகளைக் கூப்பிட வெட்கப்பட்டு, கழுத்துப்பட்டைக்காரனிடம் காசு கொடுத்துக் கூப்பிடச் சொல்லியிருக்கிறேன். உன் அம்மாவிடம் இதை ஒப்புக்கொண்டபோது, நீங்க அவளைக் கேட்டீங்களா என்றாள். ஒவ்வொரு தடவை பேசும்போதும் எப்ப வர்றேன்னு கேட்கிறேனே என்றேன். அது கேள்வி இல்லைங்க, வசூல் என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள். அன்றிலிருந்து கடையில் ஆள் இல்லாத நேரத்தில் அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். உண்மைதான், நான் எப்ப வர்ற என்பேன், நீ பாக்கலாம்ப்பா என்பாய், தவணை கட்டின மாதிரி இரண்டு பேரும் போனை வைத்துவிடுவோம். உனக்கு வர ஆசை இருக்கிறதா என்று நான் கேட்டதே இல்லை. இப்போது கேட்கிறேன். இங்கே வந்து எங்களோடு சில நாள் இருக்க உனக்கு ஆசையா, பாப்பா? இல்லை என்றாலும் சொல்லலாம், அலுப்பாக இருக்கிறது என்றாலும் சொல்லலாம், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன், கோபித்துக்கொண்டாலும் உனக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்கிறேன். உன் அறையில் நான் அடுக்கி வைத்திருந்த தள்ளுபடி மெத்தைகளையெல்லாம் கடைக்கே திருப்பி அனுப்பிவிட்டேன், ஜன்னல் இப்போது முழுசாகத் திறக்கிறது. வெள்ளிக்கிழமை கெடு கையெழுத்துக்குத்தான். இதற்குக் கெடு கிடையாது.

உடம்பைப் பார்த்துக்கொள், நேரத்துக்குத் தூங்கு. உன் தலையில் கை வைக்க இங்கிருந்து எட்டாது, வைத்ததாக நினைத்துக்கொள், நீ தொட்டதெல்லாம் நல்லபடியாக நடக்கட்டும். தபாலை நீயே நேரில் போய்ப் போடு, யாரிடமும் கொடுத்து அனுப்பாதே. அம்மா தன் அன்பைத் தனியாகப் போனில் சொல்வாளாம், என் கடிதத்தில் அவளுக்கு நம்பிக்கை இல்லை.

இப்படிக்கு,
அவசரப்படுத்தாமல் இருக்கப் பழகிக்கொண்டிருக்கும்
உன் அப்பா