தாளில் இல்லாத வரி

வைகாசி 2, திங்கள். நல்ல வெயில்.
எழுத்து கோணல்மாணல். கொம்பும் காலும் ஒரே பக்கமாய்ச் சாய்கின்றன. பார்ப்பவர் யாருமில்லை, என்றாலும் பொறுத்துக்கொள்ள வேண்டும். அறுபத்திரண்டு வயதுக் கை, மண்வெட்டிக்குப் பழகியது. முதியோர் பள்ளியில் ஏழு மாதம். இப்போது எதைக் கண்டாலும் வாசிக்கிறேன். பஸ் போர்டு, தீப்பெட்டி, சோடாக்கடைப் பலகை. ஆனந்தம்!
திண்டுக்கல் போனேன். மகள் பேச்சிக்கு ஞாயிறன்று கல்யாணம். வாங்கியது: வளையல், சாந்து, பவுடர், குஞ்சம். கடலை மடித்த தாளில் மணப்பெண் அலங்காரக் குறிப்பு! ஊர் வரும்வரை அதையே எழுத்துக் கூட்டினேன்.

வைகாசி 3, செவ்வாய்.
பேச்சிக்கும் வீட்டுக்காரிக்கும் வாசித்துக் காட்டினேன். 'புதுப் புடவையை ஒரு முறை கட்டிப் பார்க்கவும். மை அளவோடு. முகம் பளிச்சென்றிருக்க எலுமிச்சம்பழச் சாற்றை...' அதோடு தாள் கிழிந்திருந்தது.
"சாறை என்னய்யா செய்யணும்?" என்றாள் பேச்சி.
இருவரும் என் வாயையே பார்த்தார்கள். நிறுத்த மனம் வரவில்லை. தாளைப் பார்த்தபடியே சொன்னேன். "அப்பிடியே மொகத்துல அப்பிக்கிட்டு, காயுற வரைக்கும் வெயில்ல உக்காரணுமாம்."
"அம்புட்டுமா போட்டிருக்கு?" வீட்டுக்காரி.
"அச்சுலயே போட்டிருக்குங்கிறேன்."

வைகாசி 5, வியாழன். காற்றே இல்லை.
நேற்று பேச்சி சாற்றை அப்பிக்கொண்டு உச்சிவெயிலில் உட்கார்ந்தாள். இன்று முகமெல்லாம் சிவப்பு. நெற்றியிலும் கன்னத்திலும் நீர்க்கொப்புளம். "ஆத்தா வந்துட்டாளே, கல்யாண நேரத்துல!" என்று வீட்டுக்காரி கும்பிட்டாள். வாசலில் வேப்பிலை. அடுப்பில் தாளிப்பு இல்லை. அம்மை என்றால் முகூர்த்தம் நின்றுபோகும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. வேப்பங்குழையை ஒடித்து வந்ததே நான்.

வைகாசி 6, வெள்ளி.
தாடிக்கொம்பிலிருந்து மாப்பிள்ளையின் அக்காள், கல்யாணப் புடவையோடு. வேப்பிலையைக் கண்டு வாசலோடு நின்றுவிட்டது.
"அம்மை போட்ட வீட்டுல தாலி கட்டலாமா மாமா? ஆவணிக்குத் தள்ளி வைப்போம்."
உள்ளே பேச்சி தேம்பினாள்.
"அம்மை இல்லத்தா. நான் செஞ்ச வேலை." தாளை நீட்டினேன்.
அதற்கு வாசிக்கத் தெரியும். கிழிசல் வரை மளமளவென்று வாசித்தது. "மிச்சம் எங்க மாமா?"
"மிச்சம் நான் சொன்னது."
உள்ளே போய்ப் பார்த்தது. காய்ச்சல் இல்லை, முகம் தவிர வேறெங்கும் கொப்புளம் இல்லை. அக்காளே வேப்பிலையை அவிழ்த்துப் போட்டது.
"அடப் பாவி மனுசா! கொழைய நீதான ஒடிச்சுக் குடுத்த?" என்றாள் வீட்டுக்காரி. அக்காளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. பேச்சி சிரிக்கவில்லை.

வைகாசி 8, ஞாயிறு. லேசான தூறல்.
தாலி ஏறியது. கன்னத்தில் கறுப்புத் திட்டு. அக்காள் பவுடர் பூசி, மல்லிகைச் சரத்தைக் கன்னத்தோரம் தொங்கவிட்டுப் பார்த்தது. மறையவில்லை. பேச்சி தலை நிமிரவே இல்லை. பந்தலில் வெட்கம் என்றார்கள். எனக்குத் தெரியும்.
திருநீறு பூசும்போது மன்னிப்புக் கேட்க நினைத்தேன். சுற்றிலும் ஆட்கள். "வாரேன்யா" என்றாள். அவ்வளவுதான்.
எட்டு வயதில் அவளைப் பூப்பறிக்க அனுப்பினேன், பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை. அனுப்பியிருந்தால், அப்படி ஒரு வரியே இல்லை என்று அவளே பார்த்திருப்பாள்.
அடுத்த வாரம் உட்கார்ந்து அவளுக்குக் கடிதம் எழுதுவேன். வாசித்துச் சொல்லப்போவது மாப்பிள்ளை. அவர் வாயால் அவள் கேட்கும்படி இதை எப்படி எழுதுவது?